பெயர் ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரியா? விண்ணப்பிக்கும் முன் சரிபார்ப்பது எப்படி

எல்லாத் தாள்களும் கையில் இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருகிறதென்றால், பல நேரம் காரணம் ஒரே ஒரு எழுத்து. சரிபார்ப்பவருக்கு உங்களைத் தெரியாது. இரண்டு தாள்களிலும் ஒரே எழுத்துகள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். அதை அவருக்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுங்கள்.

படி 1: அட்டவணை

ஒரு ஆவணத்துக்கு ஒரு வரி. முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஆவண எண், காலாவதித் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து வேண்டாம், தாளைப் பார்த்து, புள்ளியும் இடைவெளியும் உட்பட அப்படியே. இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னாலா, விரித்து எழுதியிருக்கிறதா என்பதும் முக்கியம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் மார்ச் 4 என்றும் படிக்கலாம், ஏப்ரல் 3 என்றும் படிக்கலாம்.

படி 2: பாஸ்போர்ட்டின் அடிவரிகள்

படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். இயந்திரம் படிப்பது இதைத்தான். முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, பெயருக்கு மிஞ்சுவது 39. முதலில் குடும்பப்பெயர், பிறகு இரண்டு கோணக்குறிகள் (<<), பிறகு சொந்தப் பெயர். நீளமான பெயர் இங்கே வெட்டுப்படும். புள்ளி வராது, இணைப்புக்கோடு கோணக்குறியாக மாறிவிடும். இவை பிழையல்ல, திருத்தக் கேட்டு அலைய வேண்டாம்.

இரண்டாம் வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 1990 ஏப்ரல் 3 என்றால் 900403. முதல் படியில் வந்த தேதிக் குழப்பம் இங்கே தீர்ந்துவிடும்.

ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குத்தான் தலைவலி அதிகம். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பல இணையப் படிவங்கள் நகராது. அவசரத்துக்கு அப்பா பெயரைப் போட்டுவிடாதீர்கள். அது இன்னொரு புதுப் பெயராகப் பதிவாகிவிடும். சில படிவங்கள் ஒரே பெயரை இரு கட்டங்களிலும் கேட்கும், சில வேறு குறியீடு கேட்கும். அந்தந்தப் படிவத்தின் குறிப்பில் உள்ளபடி செய்யுங்கள்.

படி 3: பிழை எங்கே தொடங்கியது?

எந்த ஆவணத்தைக் காட்டி எதை வாங்கினீர்கள் என்று அம்புக்குறி போடுங்கள். பிழை முதலில் தோன்றிய இடத்தில்தான் திருத்தத்தைத் தொடங்க வேண்டும். கடைசி அட்டையை மட்டும் திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் பழைய பிழை திரும்பி வந்துவிடும்.

படி 4: இணைக்கும் தாள்

பெயரே மாறியிருந்தால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றாக இடம்பெறும் தாள் ஒன்று வேண்டும்: திருமணச் சான்று, பெயர்மாற்ற ஆணை, உறுதிமொழிப் பத்திரம் போல. எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். தனித்தனியாக எத்தனை தாள் கொடுத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

படி 5: நகல்

ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), நான்கு மூலைகளும் தெரிய, இரு பக்கமும். ஃபிளாஷ் வேண்டாம், எண்ணின் மேல் வெளிச்சம் அடித்துவிடும். நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதுங்கள். படத்தின் மேலும் எண்ணின் மேலும் எழுதாதீர்கள்.

அப்படியும் திருப்பினால், எந்தத் தாளில் எந்த வரி ஒத்துப்போகவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். “டாக்குமென்ட் சரியில்லை” என்ற பதிலோடு வீட்டுக்கு வந்தால் எதைத் திருத்துவது?