எவர்சில்வர் சிங்க்கில் குழாய் ஆடாமல் நிற்க

நம் வீடுகளில் சமையலறைக் குழாய் நெடுங்காலம் சுவரில்தான் இருந்தது. செங்கல்லும் சிமென்ட்டும் பிடித்துக்கொண்டதால் யார் எவ்வளவு வேகமாகத் திருகினாலும் அது அசையாது; ஒழுகினால் உள்ளிருக்கும் வாசரை மாற்றியதும் வேலை முடிந்துவிடும். இப்போது சிங்க்கின் பின்விளிம்பிலேயே குழாயை நிறுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. சுவர் தாங்கிய பாரத்தை இனிமேல் 0.8 மி.மீ. அல்லது 1 மி.மீ. கனமுள்ள எவர்சில்வர் தகடு தாங்க வேண்டும். உயரமாக எழுந்து வளையும் குழாயை நாள் முழுவதும் இடமும் வலமுமாகத் தள்ளும்போது, அதன் உயரமே நெம்புகோலாகி அடித்தகட்டைச் சிறிது சிறிதாக வளைக்கிறது. நட்டு தளர்கிறது, ரப்பர் நகர்கிறது, தண்ணீர் இடுக்கு வழியாக அடியில் இறங்குகிறது. கீழே சொல்லப்போகும் முறையில் பாதிக்கு மேற்பட்ட கவனம் இந்த ஆட்டத்தைத் தடுப்பதற்கே செலவாகும். (தமிழில் நீர் வரும் வழியும் குழாய், திறந்து மூடுவதும் குழாய். குழப்பம் வேண்டாம் என்பதற்காக முன்னதைப் பைப் என்றே எழுதுகிறேன்.)

கடைக்குப் போவதற்கு முன் சிங்க்கில் துளை இருக்கிறதா, அதன் விட்டம் என்ன என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 35 மி.மீ. இருக்கும், ஒற்றைக் கைப்பிடி மிக்சர்கள் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்கள்) அந்த அளவுக்கென்றே செய்யப்படுகின்றன. வெந்நீர் லைன் இல்லாத சமையலறைக்கு நாம் வாங்கும் பில்லர் காக்கின், அதாவது குளிர்நீர் மட்டும் தரும் நிற்கும் குழாயின், நிலைமை வேறு. அதன் அரை அங்குல மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. மட்டுமே என்பதால், 35 மி.மீ. துளைக்குள் அது தொளதொளவென்று நிற்கும். கூட வரும் சிறிய வாசர் துளையின் ஓரத்தைச் சரியாகப் பற்றாது. அப்படிப்பட்ட குழாயை வாங்கினால், துளையை நன்றாக மறைக்கும் அகலமான அடிவட்டு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வைக்கப் பெரிய உலோக வாசர் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மிக்சர்தான் வேண்டும் என்றால், பயன்படாத வெந்நீர் ஹோஸின் (குழாயின் அடியிலிருந்து பைப்புக்குப் போகும் வளையும் இணைப்பின்) வாயை மூடி போட்டு அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடியை நடுவில் வைக்கும்போது தண்ணீர் அந்த வழியாகக் கீழே கொட்டலாம்.

நீரழுத்தத்தையும் அப்போதே யோசிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி குழாயைவிட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), தனி வீட்டின் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 3 மீட்டர் இறங்கி வரும் தண்ணீருக்கு 0.3 பார் தேறும். 0.5 பார், சிலவற்றில் 1 பார், குறைந்தபட்சமாகத் தேவை என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் மிக்சரை அங்கே பொருத்தினால், அழகான குழாயிலிருந்து நூல்போலத் தண்ணீர் வரும். அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்தக் குறை கடைசி மாடிக்காரருக்கே அதிகம், ஏனெனில் தொட்டிக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான்.

சிங்க்கில் துளை இல்லையென்றால் அதை இடுவதே இந்த வேலையின் கடினமான பகுதி. (மேடைக் கிரானைட்டுக்கு அடியில் சிங்க்கைப் பதித்திருந்தால் துளை கல்லில் வரும், அது கல் அறுப்பவரின் வேலை.) இயன்றால் மேடையில் பதிப்பதற்கு முன்பே, சிங்க்கைத் தரையில் கவிழ்த்து வைத்து, துளை விழும் இடத்தின் அடியில் கட்டுமானம் எதுவும் குறுக்கிடவில்லை என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சிங்க் தொட்டியின் வளைவுக்கு மிக ஒட்டித் துளையிட்டால் அடியில் நட்டும் தாங்குபலகையும் (பின்னால் சொல்லப்போகும் தாங்குதுண்டு) உட்காராது. சுவருக்கு மிக ஒட்டியிருந்தால் கைப்பிடியைப் பின்னால் தள்ள இடமிருக்காது. பின்னால் சன்னல் இருந்தால் அதன் கதவு உள்நோக்கித் திறக்கிறதா என்றும் பாருங்கள். குழாயைப் பொருத்திய பிறகே இதைக் கண்டுபிடித்துச் சன்னலை நிரந்தரமாக மூடிவைத்த வீடுகள் உண்டு.

எவர்சில்வருக்கு ஒரு குணம் உண்டு: வெட்டாமல் வெறுமனே உரசினால் உரசிய இடம் இறுகி முன்னைவிடக் கடினமாகிவிடும். டிரில்லை வேகமாக ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் பற்கள் மழுங்கிய ஹோல் சாவோடு (டிரில்லில் மாட்டி வட்டத் துளை அறுக்கும் ரம்பத்தோடு) நிற்பது இதனால்தான். குறிக்கு மேல் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு குழி தட்டி, சிறிய பிட்டால் வழித்துளை போட்டு, அடியில் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, டிரில்லை அதன் மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டே அறுக்க வேண்டும். இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும், சூடு ஏறினால் நிறுத்தி ஆறவிடுவதும் அவசியம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. துளை விழுந்ததும் அரைவட்ட அரத்தால் ஓரப் பிசிறை நீக்கிவிட்டு, உதிர்ந்த துகள் அனைத்தையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கருவிகளிலிருந்து உதிரும் இரும்புப் பொடி சிங்க்கில் தங்கினால் நாலைந்து நாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், சிங்க்கே துருப்பிடித்துவிட்டதாக நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக நேரும்.

மிக்சராக இருந்தால் இரண்டு ஹோஸ்களையும் குழாயின் அடியில் முன்கூட்டியே, மேசைமேல் வைத்தே, கையால் திருகிவிட வேண்டும். அந்த முனையில் ரப்பர் வளையமே நீரைத் தடுக்கிறது; டெஃப்லான் டேப் சுற்றினால் வளையம் சரியாக உட்காராமல் கெடும். பிறகு அடிவட்டின் ரப்பரைச் சரிபார்த்துக் குழாயைத் துளையில் இறக்குங்கள்.

இனித் தகட்டுக்கு அடியில் வர வேண்டியவை: முதலில் ரப்பர் வாசர், அதை அடுத்துத் தாங்குபலகை, பிறகு உலோக வாசர், கடைசியில் நட்டு. தாங்குபலகை என்பது பல மிக்சர்களோடு வரும் முக்கோண வடிவப் பிளாஸ்டிக் துண்டு. இது எதற்கு என்று தெரியாமல் அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போடப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் மொத்தப் பெட்டியில் எனக்கு முக்கியமானது அதுதான். குழாயின் நெம்பலை ஒரு சிறு வட்டத்தில் விழவிடாமல் அகலமாகப் பரப்புவதும், சிங்க் விளிம்பின் விறைப்பான மடிப்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதன் பணி. கூட வரவில்லையென்றால், பழைய பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையிலிருந்து உள்ளங்கையளவு துண்டை அறுத்து நடுவில் துளையிட்டுப் பயன்படுத்தலாம். பிளைவுட்டைவிட அது மேல், ஈரத்தில் ஊறி உப்பாது. பலகையின் ஒரு விளிம்பு சிங்க்கின் பின்பக்க மடிப்பைத் தொடும்படி வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிடும்.

நட்டை முதலில் கையால் ஏற்றி, மேலே ஒருவர் குழாயை நேராகப் பிடித்திருக்க, அடியிலிருந்து ஸ்பேனரால் இறுக்குங்கள். தனியாளாகச் செய்தால் கடைசிச் சுற்றில் குழாய் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்க்கும். ஆடுகிறதே என்று சிலிக்கானை அப்பிச் சமாளிப்பது வேண்டாம். அது நீரை அடைக்குமே தவிர நெம்பலைத் தாங்காது.

பைப் பக்கத்து வேலை எளிது. மெயின் வால்வை மூடி, சுவரில் ஆங்கிள் காக் (இந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும் சிறு வால்வு) இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள். பின்னாளில் குழாயை மாற்ற வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. அதன் மரையில் டெஃப்லான் டேப்பை, முனையை நம்மைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் கலைந்து வெளியே வரும். ஹோஸை மாட்டுவதற்கு முன் ஒரு வாளியைப் பிடித்து ஆங்கிள் காக்கைத் திறந்துவிடுங்கள், பைப்பில் தங்கிய மணலும் சிமென்ட் துகளும் வெளியேறும். ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வாசர் இருப்பதால் அங்கும் டேப் தேவையில்லை. கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்றுப் போதும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் தளர்வாக வளைந்து இறங்க வேண்டும்.

முதல்முறை திறக்கும்போது குழாய் வாயின் சல்லடையைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். அடியில் செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிவிடும். ரப்பர் அழுந்தி உட்காரச் சில நாள் ஆகும் என்பதால், ஒரு வாரம் கழித்துக் குழாயின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அடி நட்டை இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள்.