வேறொரு செயலிக்காக (ப்ராசசருக்காக) விம், ஈமேக்ஸ் எடிட்டர்களைக் கட்டும்போது சறுக்கும் இடங்கள்

மேசைக் கணினியில் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த, அதாவது கட்டிய, விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை ஆர்ம் வகைச் செயலி உள்ள ஒரு சின்ன போர்டுக்கு நகலெடுத்து இயக்கினேன். "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. அரை நாள் வீணாகப் போனது. இல்லாமல் போனது விம் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றவேண்டிய டைனமிக் லோடர். போர்டில் இருந்தது 64 பிட் சிஸ்டம், நான் கட்டியது 32 பிட் ஆர்முக்கு. இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்தக் கோப்பை மறுக்கவில்லை. அந்தக் கோப்பு கேட்ட 32 பிட் லோடர்தான் அங்கே கிடையாது. (இப்போதைய பாஷ் ஷெல் கொஞ்சம் கருணையோடு, தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறது.)

இதே வேலையில் இன்னும் இரண்டு பிழைச்செய்திகள் வரும், மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வந்தால் பைனரி, அதாவது கம்பைல் ஆகி வந்த நிரல் கோப்பு, முற்றிலும் வேறு செயலிக்கானது. பெரும்பாலும் உங்கள் கணினியின் சாதா ஜிசிசி கம்பைலரே கட்டியிருக்கும், வேறு செயலிக்குக் கட்டித் தரும் க்ராஸ் கம்பைலரை யாரும் கூப்பிட்டே இருக்கமாட்டார்கள். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றால் குடும்பம் சரி, தலைமுறை தப்பு: அந்தச் செயலிக்குத் தெரியாத கட்டளை ஏதோ உள்ளே இருக்கிறது.

இந்த மூன்றாவதில் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஆர்ம் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டுவார்கள். டெபியன் லினக்ஸில் ஆர்ம்எச்எஃப் என்ற 32 பிட் வகைப்பெயருக்கு ஆர்ம்வி7 தலைமுறை என்று பொருள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அதே ஆர்ம்எச்எஃப் என்ற பெயர் ஆர்ம்வி6-ஐக் குறிக்கிறது, ஏனென்றால் முதல் பையும் பை ஜீரோவும் அந்தப் பழைய செயலியில் ஓடவேண்டும். டெபியனின் க்ராஸ் கம்பைலரால் கட்டிய எடிட்டரை பை ஜீரோவில் வைத்தால் செத்து விழும். கம்பைலருக்கு ஆர்ம்வி6 என்று கொடி (ஃப்ளாக்) கொடுத்தாலும் தீராது. அந்த டூல்செயினோடு (கம்பைலரும் துணைக் கருவிகளும் சேர்ந்த தொகுப்பு) வரும் தொடக்க ஆப்ஜெக்ட் கோப்புகளும் லைப்ரரிகளும் ஏற்கெனவே வி7-க்குக் கட்டப்பட்டவை. டூல்செயினையே மாற்றவேண்டும்.

எந்தச் செயலிக்குக் கட்டுகிறோம் என்பதை யூநேம் கட்டளையிடம் மட்டும் கேட்டு முடிவு செய்வது இன்னொரு தவறு. அது கெர்னலைப் பற்றித்தான் சொல்லும். 2023 முதல் 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், பை 4-இல் 64 பிட் கெர்னலோடு எழுகிறது. யூநேம் அங்கே ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்று கூசாமல் சொல்லும், ஆனால் மேலே இருக்கும் நிரல்கள் அத்தனையும் 32 பிட். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் டெர்மினல், எக்ஸ்86 நிரல்களை ஓட்டித் தரும் ரொசெட்டாவுக்குள் திறந்திருந்தால் இதற்கு நேர்மாறான பொய் வரும்: எம்1 இயந்திரம் தன்னை எக்ஸ்86 (சாதாரண மேசைக் கணினிகளின் செயலிக் குடும்பம்) என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். லினக்ஸ் என்றால் அந்தக் கணினியிலேயே இருக்கும் எல்எஸ் நிரலின் மீது, கோப்பு எந்த வகை என்று சொல்லும் 'ஃபைல்' கட்டளையை ஓட்டுங்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பைனரியைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

அடுத்து, கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்து அமைப்புகளை முடிவுசெய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். அதன் ஆப்ஷன்களில் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று பெயர்கள் உண்டு. கம்பைல் நடக்கும் கணினியை ஹோஸ்ட் என்று நினைத்துக்கொள்வதுதான் அனேகமாக எல்லோரும் செய்யும் முதல் தப்பு. கம்பைல் நடப்பது பில்ட். கட்டி முடித்த எடிட்டர் ஓடப்போவது ஹோஸ்ட். டார்கெட் என்பது கம்பைலரைப் போல, இன்னொரு செயலிக்குக் கட்டளைகளை உருவாக்கித் தரும் நிரல்களுக்கு மட்டும். எடிட்டர் கட்டுகிறவர் அதைத் தொடவே வேண்டாம். நல்ல நம்பிக்கையோடு டார்கெட்டில் ஆர்ம் என்று கொடுத்துவிட்டு, ஏன் எக்ஸ்86 பைனரியே வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஹோஸ்ட்டோடு பில்ட்டையும் சேர்த்தே கொடுங்கள். ஹோஸ்ட் மட்டும் கொடுத்தால் கான்ஃபிகர் ஒரு சோதனை நிரலை ஓட்டிப் பார்த்து, அது ஓடிவிட்டால் இது க்ராஸ் கம்பைல் இல்லை என்று முடிவுகட்டிவிடும். வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஎம்யூ பின்னணியில் இருந்தால் ஆர்ம் பைனரியும் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

பழைய மூலநிரலை எடுத்தால் கான்ஃபிகர் வேறு மாதிரி அடம்பிடிக்கும்: ஏஆர்ச்64 என்ற இயந்திரத்தையே தெரியாது என்னும். இயந்திரப் பெயர்களை அடையாளம் காண அதனோடு வரும் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டும் 2012-க்கு முந்தையவையாக இருக்கும். வாயடைக்க ஐ686 (32 பிட் எக்ஸ்86) என்று பொய் சொல்லாதீர்கள், அந்தப் பொய் உள்ளே எங்கெங்கோ போய் உட்காரும். க்னூ தரும் புதிய கோப்புகள் இரண்டை அதே இடத்தில் வைத்தால் முடிந்தது.

விம்மில் இதற்குப் பிறகுதான் உண்மையான இடறல். அதன் கான்ஃபிகர் பல கேள்விகளுக்குச் சின்னச் சின்ன நிரல்களை எழுதி, ஓட்டி, விடை தெரிந்துகொள்கிறது. க்ராஸ் கம்பைலில் அந்த நிரல்களை ஓட்ட வழியில்லை, எனவே "விம்_சிவி_டூஅப்பர்_ப்ரோக்கன் மதிப்பைக் கொடு" என்று கேட்டு நின்றுவிடும். கொடுத்தால் டெர்மினல் விவரங்கள் அடங்கிய டெர்ம்இன்ஃபோ பற்றி இன்னொன்று, பிறகு கெட்சிடபிள்யூடி பற்றி, மெம்மூவ் பற்றி. இங்கே பலர் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' போட்டுக்கொண்டே போவார்கள். சில கேள்விகள் "உடைந்திருக்கிறதா?" என்று கேட்பவை. ஜிலிப்சி என்ற சி லைப்ரரி உள்ள லினக்ஸில் டூஅப்பரும் (பெரிய எழுத்தாக்குவது) கெட்சிடபிள்யூடியும் (நடப்பு அடைவைச் சொல்வது) உடைந்தில்லை, அங்கே விடை 'நோ'. மெம்மூவ் ஒன்றன்மேல் ஒன்று விழும் நினைவகத்தைச் சரியாகக் கையாளுமா என்ற கேள்விக்கு 'யெஸ்'. பெயரைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சொன்ன பதில்கள் தங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. விம் தன் கான்ஃபிகர் முடிவுகளை சோர்ஸ் அடைவுக்குள் ஆட்டோ என்ற அடைவில் கான்ஃபிக்.கேச் கோப்பாகச் சேர்த்துவைக்கிறது. கம்பைலரின் பெயரோ கொடிகளோ மாறினால் அது கத்தும். ஆனால் ஒரே அடைவை அப்படியே இன்னொரு கணினிக்கு நகலெடுத்து அங்கேயும் ஜிசிசி என்ற அதே பெயரில் கட்டினால் மூச்சுவிடாது. 64 பிட்டில் அளந்த லாங் என்ற எண் வகையின் 8 பைட், 32 பிட் கட்டுமானத்துக்குள் அமைதியாக நுழையும். செயலி மாறும்போதெல்லாம் மேக் டிஸ்ட்க்ளீன் ஓட்டிப் பழையதைத் துடைத்துவிடுங்கள்.

லைப்ரரி பக்கம் சுருக்கமாக: லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கேட்கப்படாமலே உங்கள் கணினியின் பாதைகளைத்தான் தரும். துண்டுகளை இணைத்து நிரலாக்கும் லிங்கர் "பொருந்தாத என்கர்சஸைத் (டெர்மினல் திரைக்கான லைப்ரரி) தாண்டிப் போகிறேன்" என்று புலம்பினால் இதுதான் காரணம். தேடும் பாதையையும் சிஸ்ரூட்டையும் (லைப்ரரிகளைத் தேடத் தொடங்கும் வேர் அடைவு) அந்தச் செயலியின் லைப்ரரிகள் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கட்டும் கணினியின் செயலிக்கே குறிவைக்கச் சொல்லும் மார்ச்=நேட்டிவ் கொடியைப் பற்றி எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. டெக்ஸ்ட் எடிட்டர் தன் வாழ்நாளில் பெரும்பகுதி அடுத்த விசைக்காகக் காத்துக்கிடக்கிறது. அதை இந்த ஒரே செயலிக்காகச் செதுக்கி மிச்சம் பிடிப்பது என்ன? அந்த பைனரியை அடுத்த மேசையில் இருக்கும் பழைய கணினிக்குக் கொண்டுபோனால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன். வேகத்தில் ஆசை இருந்தால் ட்யூன் கொடி போதும், அது புதிய கட்டளைகளை நுழைக்காமல், இருப்பவற்றின் தேர்வையும் வரிசையையும் மட்டும் சீர்ப்படுத்தும்.

கான்ஃபிகர் சரியாக இருந்தும் எடிட்டர் கோணலாக நடந்தால், ஒரு பைட்டை வைக்கும் சி மொழியின் கேர் வகையைச் சந்தேகியுங்கள். எக்ஸ்86-இல் அது எதிர்ம எண்களையும் ஏற்கும், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. 'அ' என்ற எழுத்து யுடிஎஃப்-8-இல் 224, 174, 133 என்று மூன்று பைட். முதல் பைட்டை கேரில் போட்டால் எக்ஸ்86-இல் அது -32, ஆர்மில் 224. "பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பலபைட் எழுத்து" என்று எழுதிய சின்ன எடிட்டர் ஒன்று எக்ஸ்86-இல் தமிழை ஒழுங்காகக் காட்டும், ஆர்மில் குப்பையாக்கும். கோப்பின் முடிவுக் குறியான -1-ஐ கேரில் வாங்கி ஒப்பிடும் லூப், ஆர்மில் முடியவே முடியாது. விம்மும் ஈமேக்ஸும் இந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டன. ஆர்வத்துக்காக எழுதப்பட்ட குட்டி எடிட்டர்களில் இன்னும் பார்க்கலாம். சைன்ட் கேர் கொடி தற்காலிக ஒட்டுதான், நிரலில் இன்ட் என்று திருத்துவதே சரி.

ஈமேக்ஸ் வேறு ஜாதி. கட்டுமானத்தின் நடுவிலேயே அது தன்னைத்தானே ஓட்டும்: டிஈமேக்ஸ் என்ற வெறும் நிரல் எழுந்து, லிஸ்ப் கோப்புகளை ஏற்றி, அந்த நிலையைக் கோப்பாகக் கொட்டும். 27-ஆம் பதிப்பிலிருந்து அது பிடிஎம்பி கோப்பு. ஆர்ம் டிஈமேக்ஸை எக்ஸ்86-இல் ஓட்டமுடியாது என்பதால், விம்முக்குச் செய்ததை அப்படியே செய்தால் பாதி வழியில் நின்றுபோகும். போர்டிலேயே கட்டுங்கள், அல்லது கியூஎம்யூவுக்குள். இரண்டும் மெதுவானவைதான், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். வேறு கட்டுமானத்தின் பிடிஎம்பியைக் கொண்டுவந்து ஒட்டவைக்க முயலாதீர்கள். அதில் இருக்கும் கைரேகை, நிரலின் கைரேகையோடு ஒத்துப்போகாவிட்டால் ஈமேக்ஸ் எழவே மறுக்கும்.

மேக் இன்ஸ்டால் கட்டத்தில் விம், பைனரியிலிருந்து தேவையற்ற தகவல்களை நீக்கும் சாதா ஸ்ட்ரிப் கட்டளையைத்தான் கூப்பிடும், அது ஆர்ம் கோப்பைப் பார்த்து விழிக்கும். க்ராஸ் டூல்செயினின் ஸ்ட்ரிப்பை மாறியில் கொடுங்கள்.

புதிய விம்முக்கு மாறும் நாளில் பழையதில் திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள். சேமிக்காத மாற்றங்களை மீட்க வைத்திருக்கும் ஸ்வாப் கோப்பின் தலைப்பில் விம் லாங், இன்ட், ஷார்ட் மதிப்புகளை அந்தச் செயலியின் வடிவிலேயே எழுதிவைக்கிறது. 32 பிட் விம்மின் ஸ்வாப்பை 64 பிட் விம்மிடம் நீட்டினால், இந்தக் கணினியில் பயன்படாது என்று சொல்லி நகர்ந்துவிடும்.