இழைப்பு மெஷின் மேசையில் துரு எடுத்தது: என் அனுபவம்

மரம் இழைக்கும் பழைய மெஷின், வார்ப்பிரும்பு மேசை முழுக்கத் துரு. கிரைண்டர் போட்டால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் மேசையின் சமதளம் போய்விடும், அப்புறம் மெஷினே எதற்கு? மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன், காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மிச்சத்துக்கு மரக்கட்டையில் சுற்றிய 320 நம்பர் உப்புத்தாள். போல்ட், நட்டுகளை மட்டும் ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே காயவைத்தேன், அமிலம் தங்கினால் மறுபடி துரு ஏறிவிடும். இப்போது மேசைக்கு மெழுகு பாலிஷ்தான். எண்ணெயில் தூள் ஒட்டும், மரத்திலும் கறை பிடிக்கும்; சிலிக்கான் ஸ்பிரே அடிக்கவே கூடாது, பின்னால் மரத்தில் வார்னிஷ் குழி குழியாக விலகும். பச்சை மரத்தூளை ராத்திரி மேசைமேல் விட்டுவைக்காதீர்கள், துரு ஏற அதிலுள்ள ஈரமே போதும்.