தேன் பெட்டியில் நோயா? அடித்தட்டைப் பாருங்கள்

அடையை உருவுவதற்கு முன் பெட்டியைத் தூக்கி அடித்தட்டைப் பாருங்கள். நம் மலைநாட்டுத் தேனீ பழைய அடையைக் கடித்துக் கொட்டும் பழக்கமுள்ளது. அந்தத் தூள் சேர்ந்தால் மெழுகுப் பூச்சி முட்டையிட வசதி. தூளுக்குள் மிளகுத்தூள் போன்ற கறுப்பு எச்சமும் வெள்ளை நூலும் தெரிந்தால் பூச்சியின் புழு வந்துவிட்டது. "பூச்சி வந்துதான் கூடு போனது" என்பார்கள். பெரும்பாலும் நடப்பது மறுபக்கம்: கூட்டம் மெலிந்து, தேனீ மூடாத அடை கிடக்கும்போதுதான் பூச்சி தங்குகிறது. ஈ இல்லாத அடையையும் கறுத்த அடையையும் எடுத்துவிடுங்கள். தட்டை வாரம் ஒருமுறை சுரண்டி வெயிலில் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், மெழுகில் ஊறிவிடும்.

அடுத்து தேனீயின் குஞ்சுப் புழு வளரும் அறைகள். வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நின்று அடையைச் சாய்த்துப் பாருங்கள். நல்ல புழு முத்துப்போல் வெள்ளையாக, பிறைபோல் வளைந்து கிடக்கும். அறை மூடப்படும் வயதில் புழு நிமிர்ந்து செத்து, தலை மேலே தூக்கியிருந்தால் தீக்குச்சியால் மெதுவாகத் தூக்குங்கள். நீர் நிறைந்த பைபோல முழுதாக வந்தால் அது பைப்புழு நோய், வைரஸால் வருவது. அறை மூடப்படுமுன்னே புழு முறுக்கிக்கொண்டு மஞ்சளாகி, புளித்த வாடை வந்தால் பாக்டீரியா அழுகல். ஆண் தேனீ அறையின் மூடி நடுவில் சிறு துளை இருக்கும்; அது இயல்பு, பதறாதீர்கள்.

பைப்புழுவுக்கு மருந்தில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தால் வைரஸ் சாகாது, தேன்தான் கெடும். இராணியை இரண்டு வாரம் கூண்டில் அடைத்தால் புதுப் புழு இருக்காது. ஈக்கள் அறைகளைச் சுத்தம் செய்துகொள்ளும். நோயுள்ள அடையை இன்னொரு பெட்டிக்கு மாற்றவே கூடாது. கத்தியைக் கொதிநீரில் போட்டெடுங்கள். சந்தேகமென்றால் பண்டாரவளை பிந்துனுவெவவிலுள்ள விவசாயத் திணைக்களத் தேனீப் பிரிவில் கேளுங்கள்.

மழைக்காலத்தில் பட்டினியும் நோய்போலவே தெரியும். சீனியும் நீரும் சம அளவில் கரைத்து மாலையில் வையுங்கள்; பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும்.

வாசலில் குளவி நின்றால் வாசலை 6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறுக்குங்கள். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டித் தாங்கியின் கால்களைப் பழைய என்ஜின் ஒயில் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் வைத்தால் டெங்கு நுளம்பு வளர்க்கிறீர்கள். ஒரே நாளில் வாசல் முன் குவியலாக, நாக்கை நீட்டியபடி ஈக்கள் செத்துக் கிடந்தால் பெட்டிக்குள் தேடாதீர்கள். பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் எப்போது மருந்தடித்தார்கள் என்று விசாரியுங்கள்.