பழைய பிளாட்டரில் டி-ஷர்ட் வினைல்

ஸ்டிக்கர் வெட்டுவதற்காக வாங்கிய பழைய பிளாட்டர் (கணினியில் வரைந்த வடிவத்தைச் சிறு பிளேடால் வெட்டும் இயந்திரம்) என்னுடையது. அதில் டி-ஷர்ட்டுக்கான ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைலை (சூடுபடுத்தித் துணியில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்டதும் சிறிய எழுத்துகளின் மூலைகள் கிழிந்தன. சில இடங்களில் வெட்டே விழவில்லை. அழுத்தத்தைக் கூட்டினேன். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்து அறுந்தது!

கோளாறு பிளேடில் இருந்தது. முனை மழுங்கியிருந்தது, ஹோல்டருக்குள் வினைல் துணுக்குகள் அடைத்துக்கொண்டு பிளேடைச் சுழலவிடாமல் தடுத்தன. துடைத்துவிட்டு, புதிய 45 டிகிரி பிளேடு போட்டேன். முனையை மிகச் சிறிதளவே வெளியே நீட்டி, வேகத்தைப் பாதியாக்கி, 80 கிராம் அழுத்தத்தில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டினேன். ஒவ்வொரு முறையும் சிறிய முக்கோணம் ஒன்றை வெட்டி உரித்துப் பார்த்தேன். 95-இல் மூலைகள் கூர்மையாக வந்தன, அடித்தாளில் மெல்லிய கீறல் மட்டுமே. அடித்தாள் இருக்கும் பளபளப்பான பக்கத்தைக் கீழே வைத்து, படத்தை இடவலமாகத் திருப்பித்தான் வெட்ட வேண்டும்.