தோட்டத்து ஆசிரியரைக் கதையில் எழுதுவது எப்படி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் கதையொன்றில் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரை நடுப்பாத்திரமாக்க விரும்புபவர், அவருடைய குணத்தை யோசிக்கும் முன்பே கதை நடக்கும் ஆண்டைத் தீர்மானித்துவிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது; மறு ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோனது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளிவைத்தது. ஆகவே 1970இல் இடாப்பு (வருகைப் பதிவேடு) வாசிக்கும் ஆசிரியர், எந்தப் பிள்ளையின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்காகத் தலைமன்னாருக்கு ரயிலேறக் காத்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டேதான் பெயர்களைக் கூப்பிடுவார்.

அடுத்து, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, பல பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் தயவில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக நடந்தன. அத்தகைய ஆசிரியர் துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) எதிராக வாய் திறந்தால் வேலையோடு குடியிருப்பையும் இழக்கக்கூடும் என்பதால், அவருடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று கதைசொல்லி அவசரப்பட்டுத் தீர்ப்பிடக்கூடாது. அரச சம்பளம் பெறும் பிற்கால ஆசிரியருக்கோ சிக்கல் வேறு: அவர் நகரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம் மேசை லாச்சியில் (இழுப்பறையில்) கிடக்கலாம்.

கதையின் உயிர் இருப்பது இந்த இழுபறியில்தான். ஆசிரியர் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிறந்தவர் என்றும், தாய் கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவர் என்றும் வைத்துக்கொள்வோம். கடைவீதித் தகராறு ஒன்றில் சிங்கள முதலாளியின் சொல்லை மட்டும் கேட்டு, மாணவன் ஒருவனின் தமையனைப் பொலிஸ் பிடித்துச்செல்கிறது. வாக்குமூலம் அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்படுகிறது. பொலிஸ் நிலையத்துக்குத் துணைக்கு அழைக்க அவனுடைய பாட்டி ஆசிரியரின் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) வந்து நின்று, "நீங்க ஒண்ணும் பேச வேணாம் சேர், சும்மா கூட வந்து நில்லுங்க" என்கிறாள். சிறுவயதில் அவரை "அடேய்" என்று அதட்டியவள் இன்று "சேர்" என்கிறாள். உள்ளேயிருக்கும் ஆசிரியரின் தாயோ, "போயிட்டு வா தம்பி" என்கிறாள். போக மனமில்லாத அவர் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக, நேரமெடுத்து எழுதுங்கள். அவரை மீட்பராக்கினால் மக்கள் வெறும் பின்னணியாகிவிடுவார்கள்.

அநீதியைப் பற்றி ஆசிரியரைப் பிரசங்கம் செய்யவிடாதீர்கள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு) பிந்தியவரைத் திருப்பி அனுப்புவதும், கொழுந்து நிறை குறைந்ததற்காக அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவதும் போதும். லயத்துக்குள்ளேயே சாதி பார்ப்பதையும் மறைக்க வேண்டாம்; ஆசிரியர் எந்த வீட்டில் தேநீர் குடிக்கத் தயங்குகிறார் என்பதில் அது வெளிப்படும். பனிமூட்ட வருணனைகளைச் சுற்றுலாக் கையேடுகளுக்கே விட்டுவிடலாம்.

எழுதி முடித்ததும், அந்தக் காலத்தில் மலையில் வேலைசெய்த ஒருவருக்குக் கதையை வாசித்துக் காட்டுங்கள். பெரட்டு நேரம், கவ்வாத்துக் (தேயிலைச் செடி வெட்டும்) காலம், பிள்ளைக்காம்பிராவின் (குழந்தைக் காப்பகத்தின்) ஒழுங்கு ஆகியவற்றில் அவர் சொல்லும் திருத்தங்களை உடனே குறித்துக்கொண்டு, பொலிஸ் நிலையக் காட்சியை அதன் பிறகு திருத்தி எழுதுங்கள்.