குளிர்ந்த விரலிலும் நாடி பார்க்கும் புளூடூத் விரற்பட்டி: செய்முறை விளக்கம்

மாலையில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் அம்மாவின் நாடித்துடிப்பையும் இரத்த ஒட்சிசன் அளவையும் கைத்தொலைபேசியில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நுவரெலியாவில் இருந்தபடி இதைச் செய்தேன். ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகை, நாடியையும் ஒட்சிசனையும் ஒளியால் அளக்கும் மெக்ஸ்30100 உணரிப் பலகை, சிறிய லித்தியம் பற்றரி, டிபி4056 மின்னேற்றி, மீள்பட்டி ஆகியவை போதும். ஆர்டுயினோ மென்பொருளை நிறுவத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உணரியின் எஸ்டிஏ (தரவுக் கோடு), எஸ்சிஎல் (கடிகாரக் கோடு) முனைகளை ஈஎஸ்பி32இன் 21, 22ஆம் முனைகளில் இணைத்து, 3.3 வோல்ற்று கொடுத்து, முகவரி தேடும் நிரலை இயக்கினால் பதினறும எண்ணில் 57 என்று வர வேண்டும். எனக்கு வரவில்லை, மூன்று நாட்கள் நிரலையே திருத்திக்கொண்டிருந்தேன். கோளாறு உணரிப் பலகையில் இருந்தது. மலிவான உணரிப் பலகைகள் பலவற்றில் அவ்விரு கோடுகளையும் உயர்த்திப் பிடிக்கும் 4.7 கிலோ ஓம் தடையிகள் 1.8 வோல்ற்றுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஈஎஸ்பி32 ஏறத்தாழ 2.5 வோல்ற்றுக்கு மேற்பட்டதையே ‘1’ என்று உறுதியாக ஏற்கும். ஆகவே நிரலைத் தொடுமுன் அந்தக் கோடுகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 1.8 காட்டினால், அந்தத் தடையிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கோட்டிலிருந்தும் 3.3 வோல்ற்றுக்குப் புதிதாக ஒரு 4.7 கிலோ ஓம் தடையியைப் பற்றவையுங்கள்.

அடுத்த தொல்லை குளிர். உணரி 660 நனோமீற்றர் சிவப்பொளியையும் 880 நனோமீற்றர் அகச்சிவப்பொளியையும் விரலில் செலுத்தி, திரும்பும் ஒளியில் துடிப்போடு ஏறியிறங்கும் சிறு பகுதியைக் கொண்டே கணக்கிடுகிறது. விரல் சில்லிட்டால் நாளங்கள் சுருங்கி அந்தப் பகுதி மங்கிவிடும். ஒளியைக் கூட்டிப் பார்த்தேன். துடிப்போடு மாறாத பகுதியும் சேர்ந்தே கூடியதால் பெரிய பயன் இல்லை. சூடான பிளேன்டீக் கோப்பையை ஐந்து நிமிடம் பிடித்திருந்த பிறகு அளந்தபோதுதான் எண் நிலைத்தது. பட்டியை இறுக்கினாலும் துடிப்பு மறையும் என்பதால், தளர்வாகச் சுற்றி, வெளிச்சம் புகாமல் மேலே கறுப்புக் கம்பளித் துணியைப் போர்த்துகிறேன்.

அனுப்புவதற்கு வைஃபையை நான் விரும்புவதில்லை, பற்றரியைக் குடித்துவிடும். குறைந்த ஆற்றல் புளூடூத்தில் நாடித்துடிப்புக்கென ஒதுக்கப்பட்ட, 180டி என்ற எண்ணுள்ள சேவையை முதலில் எழுதுங்கள், அதன் மதிப்பு ஒரே பைட்டில் அடங்கும். ஒட்சிசனுக்கான 1822 சேவை தனிவகைப் பதின்ம வடிவத்தைக் கேட்பதால், அதைப் பிறகு எழுதலாம்.

நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒட்சிசன் அளவு கொழும்பில் இருப்பவரைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியலாம். சில நாட்கள் ஓய்வாக இருக்கும்போது அளந்து, அவரவர் வழக்கமான அளவைக் குறித்து வையுங்கள். கருமையான தோலில் இவ்வகைக் கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பின்சேர்க்கை: 150 மில்லியம்பியர்-மணிப் பற்றரி சூடாகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டிபி4056 பலகை பொதுவாக 1.2 கிலோ ஓம் தடையியோடு 1 அம்பியருக்கு அமைந்தே வருகிறது. சிறிய பற்றரிக்கு அது மிக அதிகம். அந்தத் தடையியை 10 கிலோ ஓமாக மாற்றினால் மின்னோட்டம் ஏறத்தாழ 130 மில்லியம்பியராகக் குறையும். மின்னேற்றும்போது பட்டி விரலில் இருக்கக் கூடாது.